மீனைவிட ஈயக் குண்டுதான் எனக்குக் கவலை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 31. நாகர்கோவில் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து பல தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட குடும்பத்தில் வாக்கப்பட்டு, டர்பனின் தென்பகுதியில் இருக்கிறார். நிரந்தர வசிப்புரிமை இன்னும் கைக்கு வரவில்லை. நான்கு வயதில் ஒரு மகன், வயிற்றில் ஐந்து மாதக் குழந்தை. கணவருக்குச் சனி, ஞாயிறு என்றால் கடல்தான். அவர் பிடித்து வரும் கூட்டா மீனை (நம் ஊர் நெய்மீன், வஞ்சிரம்) கர்ப்பம் உண்டான நாளில் இருந்து மூன்று மாதம் வரை வாரம் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். அப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: கடல்மீன் முழுக்கப் பாதரசம், வயிற்றுப் பிள்ளைக்கு மூளை வளராது என்று. அன்றோடு மீனைத் தொடுவதில்லை. தனியார் கிளினிக் ஒன்றில் பணம் கட்டி உலோகப் பரிசோதனை செய்திருக்கிறார். இரத்தத்தில் பாதரசம் லிட்டருக்கு 6.4 மைக்ரோகிராம். சிறுநீரில் ஆர்செனிக் 'மிக அதிகம்'. அதே சிறுநீரில் ஈயம் 'நார்மல்'. விஷத்தை வெளியேற்ற ஐந்து முறை டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று அந்த கிளினிக் சொல்கிறதாம். மாமியாரோ, "நாங்கள் எல்லோரும் மீன் தின்றுதான் பிள்ளை பெற்றோம்" என்று வருத்தப்படுகிறார். பிரசவத்துக்கு ஊரில் இருந்து வரப்போகும் அம்மா, பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பேச்சோடு பேச்சாக ஒரு வரி: "கணவர் கராஜில் ஈயம் உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பார். பையனும் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆறின குண்டுகளை வரிசையாக அடுக்கி விளையாடுவான். அந்த நேரத்தில்தான் எனக்குக் கொஞ்சம் ஓய்வு."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் சாப்பிட்ட மீனால் உங்கள் குழந்தை பாழாகிவிடவில்லை. இராத்திரியில் தூக்கம் வராமல் அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். மீனைப் பற்றிய பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு, நிறைய மிகையும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். அதற்கு அப்புறம் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

எந்த மீன், எவ்வளவு

நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களில் இருந்தும் தங்கச் சுரங்கங்களில் இருந்தும் பாதரசம் காற்றில் கலந்து கடலில் விழுகிறது. நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதைச் சிறு மீன் உண்கிறது, சிறு மீனைப் பெரிய மீன் உண்கிறது. ஒவ்வொரு படியிலும் அளவு கூடுகிறது. ஆகவே 'கடல்மீன்' என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. மீனின் இனமும் அளவும் வயதும்தான் கணக்கு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எடுத்த சராசரிகளைப் பாருங்கள். கிலோவுக்கு, மத்தியில் 0.013 மில்லிகிராம், இறாலில் 0.009, ஹேக் என்ற வெள்ளை மீனில் 0.08, வஞ்சிரத்தின் உறவான கிங் மாக்கரலில் 0.73, சுறாவிலும் வாள்மீனிலும் கிட்டத்தட்ட 1. நம் கூட்டா அதே இனம் இல்லை, ஆனால் நெருங்கிய உறவு, அதே மாதிரி வேட்டையாடும் மீன். ஆகவே தோராயத்துக்கு இந்த எண் போதும். உங்கள் எடை 60 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். உலகச் சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, 2003இல் வாரத்துக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்தது. உங்களுக்கு அது 96 மைக்ரோகிராம். 150 கிராம் கூட்டாத் துண்டு ஒன்றே ஏறக்குறைய 110 தந்துவிடும். அதே எடை மத்தியில் இருப்பது 2. வித்தியாசம் புரிகிறதா? மத்தியை (நம் ஊர்ச் சாளை) வாரம் மூன்று நாள் தின்றாலும் எல்லையின் பக்கத்தில்கூடப் போக மாட்டீர்கள்.

அதனால் மீனை நிறுத்தியதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். குழந்தையின் மூளையும் கண்ணும் வளரத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், புரதம் எல்லாம் மீனில் இருக்கின்றன. கர்ப்பிணிகள் பாதரசம் குறைந்த மீனை வாரம் இரண்டு மூன்று வேளை சாப்பிடுவது நல்லது என்பதே இப்போதைய பரிந்துரை. மத்தி, நெத்திலி, ஹேக், இறால் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஜூன், ஜூலையில் இங்கே கரைவலையில் வரும் சார்டைனை விடாதீர்கள். மாமியார் வைக்கும் டின் மீன் குழம்பும் நல்லதுதான். அந்த பில்சர்டும் மத்தி இனம், முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். புரட்டாசி மாதம் வீட்டில் மரக்கறிதான் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் மீன் இல்லாவிட்டால் ஒரு குறையும் வராது. கூட்டா, சுறா, வாள்மீன், மார்லின், பெரிய கண் டூனா, இவற்றை மட்டும் பிரசவமாகி, பால் கொடுத்து முடிக்கும் வரை தள்ளி வையுங்கள். கணவர் பிடித்ததை வீணாக்க வேண்டாம், பெரியவர்கள் சாப்பிடட்டும். பையனுக்கும் கூட்டாவுக்குப் பதில் சின்ன மீன் கொடுங்கள்.

அம்மாவிடம் சுறாப்புட்டு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், தெரிகிறது. பிள்ளை பெற்றவளுக்கு அதைச் செய்து ஊட்டுவது நம் கடற்கரை ஊர்களில் ஒரு பாசம். தாய்ப்பாலில் பாதரசம் போவது நஞ்சுக்கொடி வழியே போவதைவிடக் குறைவு. குட்டிச் சுறாவில் இருப்பதும் பெரிய சுறாவைவிடக் குறைவு. அம்மா மனம் கோணாமல் இருக்க ஒரு நாள் சாப்பிட்டால் பதற வேண்டியதில்லை. நாற்பது நாளும் அதுவே என்றால் வேண்டாம். அதே தேங்காய், பூண்டு, மிளகு போட்டுச் சாளையை வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்துப் புட்டாகச் செய்யலாமே. பால் சுரக்க வைப்பது குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதுதான், மீன் எதுவானாலும்.

புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் பாதரசம் போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. அது தசையில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தோலை உரித்தாலும் பொரித்தாலும் அப்படியேதான் இருக்கும். புளிக்குழம்பு விஷயத்தில் நான் பார்ப்பது சட்டியை. உடைந்த அலுமினியச் சாமான்களை உருக்கி வார்த்துச் சந்தையில் விற்கும் கனமான பானைகளில் இருந்து ஈயம் கசிவதைத் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். புளிப்பு பட்டால் கசிவு கூடும். அந்த மாதிரிப் பானை இருந்தால் எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டும் அந்த டிரிப்ஸும்

6.4 என்பது 'விஷம் ஏறிவிட்டது' என்று பொருள்படாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் வரையறை 5.8. குழந்தைகளிடம் பாதிப்பு தெரிய ஆரம்பித்த அளவைக் கணக்கிட்டு, பாதுகாப்புக்காக அதைப் பத்தால் வகுத்து வைத்த எண் அது. நீங்கள் அந்தப் பாதுகாப்பு வேலியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மெத்தில் பாதரசம் உடம்பில் இருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாள் ஆகும். கூட்டாவை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. பரிசோதனையோ நிறுத்திய கையோடு எடுத்தது. இன்றைக்கு எடுத்தால் பாதி அளவில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

நமக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவில், வாரம் பன்னிரண்டு வேளை மீன் சாப்பிடும் தாய்மார்களின் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். தெளிவான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அதே சமயம், திமிங்கில இறைச்சி சாப்பிடும் ஃபேரோ தீவுகளில் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் நினைவாற்றலிலும் கவனத்திலும் மொழியிலும் சிறு குறைவு தெரிந்தது. ஆகவே எச்சரிக்கை தேவை. வாட்ஸ்அப்பில் வந்த ஜப்பானியக் குழந்தைகளின் படங்கள் மினமாட்டாவில் எடுத்தவை. ஆலை ஒன்று பல வருடம் வளைகுடாவுக்குள் பாதரசக் கழிவைக் கொட்டி, 1956இல் நோய் வெளியே தெரிந்த ஊர் அது. அந்த மீனில் இருந்த அளவு உங்கள் கூட்டாவில் இருப்பதைப்போலப் பல மடங்கு.

உள்ளூர் விஷயம் ஒன்று. டர்பனுக்கு உள்ளே தள்ளி இருக்கும் கேட்டோ ரிட்ஜில் பாதரசக் கழிவைக் கையாண்ட ஆலையால் தொழிலாளிகள் நோயுற்றதும், அந்தப் பாதரசம் ஓடை வழியாக இனாண்டா அணைப் பக்கம் போனதும் உண்மை. ஆனால் அது நன்னீர்ப் பிரச்சினை. அந்த அணையிலும் ஆற்றிலும் பிடித்த மீனைச் சாப்பிடாதீர்கள். அதைக் காட்டி டர்பன் கடல் முழுக்க விஷம் என்பது சரியில்லை.

ஆர்செனிக் 'மிக அதிகம்' என்று வந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. முதல் நாள் இராத்திரி இறால் கறி. கடல் உணவில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற வடிவம். தீங்கில்லாமல் அப்படியே வெளியே போய்விடும். நாலைந்து நாள் கடல் உணவு சாப்பிடாமல் இருந்து, வகை பிரித்துப் பார்க்கும் பரிசோதனை செய்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இதை உங்களுக்குச் சொல்லாமல் சிகிச்சைக்கு விலை சொன்ன இடத்தை நான் நம்ப மாட்டேன்.

டிரிப்ஸ் வேண்டவே வேண்டாம். உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் கீலேஷன் மருந்து உண்மையான நச்சேற்றத்துக்கு, மருத்துவமனையில், நச்சியல் நிபுணர் மேற்பார்வையில் கொடுப்பது. அது சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஈடிடிஏ என்ற கீலேஷன் மருந்தில் தவறான வகையை ஏற்றி, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சரிந்து, அமெரிக்காவில் 2003க்கும் 2005க்கும் இடையில் மூன்று பேர் இறந்தார்கள். இருவர் குழந்தைகள். 6.4க்காகக் கர்ப்பிணிக்கு அதை ஏற்றுவது பெரிய தவறு. முன்பணம் கட்டியிருந்தால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள்.

கராஜில் உருகும் ஈயம்

இப்போது அந்த வரிக்கு வருவோம்.

உங்கள் கணவர் செய்வது இங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் நடப்பதுதான். டயர் கடையில் இருந்து சக்கர எடைக் கட்டிகள், சில சமயம் பழைய பாட்டரித் தகடு, ஒரு பழைய சாஸ்பேன், காஸ் அடுப்பு. உருகியதை அச்சில் ஊற்றினால் சிங்கர், அதாவது தூண்டில் குண்டு, தயார். கடையில் வாங்குவதைவிட மலிவு. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் இந்த நாட்டில் கடலோர மீன்பிடிக் குடும்பங்களின் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, பலருடைய இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்தது. சந்தேகத்தின் முதல் இடத்தில் இருந்தது மீன் இல்லை, வீட்டில் ஈயம் உருக்கிச் சிங்கர் வார்ப்பது.

உருக்கும்போது மேலே சாம்பல் நிறத்தில் ஆடை கட்டும், பார்த்திருப்பீர்கள். கரண்டியால் அதை ஒதுக்கித் தரையில் தட்டுவார். அந்தப் பொடிதான் ஈய ஆக்சைடு. புகையாகவும் தூசியாகவும் கராஜ் தரையில், ஜன்னல் விளிம்பில், அவர் சட்டையில், தலைமுடியில் படியும். பையன் அங்கே உட்கார்ந்து குண்டுகளை அடுக்குகிறான், விரல் கறுத்துப்போகிறது, அந்த விரல் வாய்க்குப் போகிறது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சின்னப் பிள்ளைகளுக்குப் பாதி வரை சேரும். காலி வயிறு, இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இன்னும் கூடும். அறிகுறி எதுவும் தெரியாது. வயிற்றுவலியோ வாந்தியோ வரும் அளவுக்கு முன்பே கவனமும் படிப்பும் பேச்சும் பாதிக்கப்படும். போன பாதிப்பைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து கிடையாது.

பாதரசம் சில மாதத்தில் குறைந்துவிடும். ஈயம் எலும்பில் போய்ப் பல வருடம் தங்கும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடம்பு உங்கள் எலும்பில் இருந்து எடுக்கும்போது, ஈயமும் சேர்ந்து இரத்தத்துக்கு வரும், நஞ்சுக்கொடியைத் தாண்டும். அந்தச் சட்டைகளைத் துவைப்பதும் கராஜைப் பெருக்குவதும் நீங்கள்தானே?

'ஈயம் நார்மல்' என்று ரிப்போர்ட் சொல்கிறதே என்பீர்கள். அது சிறுநீர். ஈயத்துக்கு நம்பகமான பரிசோதனை, நரம்பில் இருந்து எடுக்கும் இரத்தம். உங்களுக்கும் பையனுக்கும் கணவருக்கும் இந்த வாரமே எடுக்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். அதற்குக் கீழே இருந்தால் பத்திரம் என்று சொல்லவும் முடியாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இன்றே செய்ய வேண்டியவை:

உருக்குவதை நிறுத்த வேண்டும், முக்கியமாக வீட்டு வளாகத்துக்குள். வார்த்த குண்டுகள் மூடி போட்ட டப்பாவில் காரின் டிக்கிக்குப் போகட்டும், சமையலறை டிராயரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அந்தச் சாஸ்பேன் இனி அடுப்பு ஏறவே கூடாது. சின்ன ஈயத்தைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கம் கணவருக்கு இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

கராஜை நீங்கள் சுத்தம் செய்யாதீர்கள். கணவர் முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை வீசிவிட வேண்டும். விளக்குமாறு கூடாது, தூசி எழும்பும். அவருடைய மீன்பிடித் துணிகளைத் தனியாகத் துவைக்கட்டும். பையன் கைகளைச் சாப்பாட்டுக்கு முன்னும் தூங்கும் முன்னும் சோப்பால் கழுவுங்கள். பால், தயிர், பருப்பு, கீரை, கேழ்வரகு நேரத்துக்கு நேரம் வயிற்றில் இருக்கட்டும். கர்ப்பத்துக்குக் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை விடாதீர்கள்.

பையன் ஒரு குண்டை விழுங்கிவிட்டான் என்று சின்ன சந்தேகம் வந்தாலும் அன்றே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுங்கள். 'வெளிக்கிப் போகும்போது வந்துவிடும்' என்று காத்திருக்காதீர்கள். வயிற்று அமிலம் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கும்.

போனால் பிரச்சினை வருமா?

விசா வேலை இன்னும் முடியவில்லை, கணவர் மேல் கேஸ் வருமா என்று பயப்படுகிறீர்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவ நிலையங்களில் சிகிச்சை இலவசம் என்று 2003ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரச் சட்டம் சொல்கிறது. இதற்குக் குடியுரிமை பார்க்கக் கூடாது என்பதை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2023இல் உறுதி செய்தது. கவுன்ட்டரில் யாராவது திருப்பி அனுப்பினால், மேற்பார்வை நர்ஸைப் பார்க்க வேண்டும் என்று அமைதியாகக் கேளுங்கள், பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஈய நச்சேற்றம் இந்த நாட்டில் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய். அப்படித் தெரிவிப்பது, சுகாதார அதிகாரி வந்து ஈயம் எங்கே இருக்கிறது என்று பார்த்து உதவுவதற்கு. போலீசுக்குப் போகிற புகார் இல்லை.

கணவரிடம் எப்படிச் சொல்வது என்றும் யோசித்தேன். மீன்பிடிப்பது அவர் அப்பா, தாத்தா வழியில் வந்த ஆசை. "உங்களால் பிள்ளைக்கு ஆபத்து" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். கடலுக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை, உருக்குவதை மட்டும் விடுங்கள், குண்டு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். அதிகம் மூச்சில் ஏறியிருப்பது அவருக்குத்தான், இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் கெடும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டுமானால் இந்தப் பதிலையே அவருக்கும் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். மீன் தின்றுதான் பிள்ளை பெற்றோம் என்று அந்த அம்மா சொன்னதில் தப்பில்லை. அவருடைய டின் மீன் குழம்புக்கு என் ஆதரவு உண்டு.

அரசு கிளினிக்கில், "வீட்டில் ஈயம் உருக்குகிறார்கள், நான் கர்ப்பிணி, நான்கு வயதுப் பிள்ளை கூடவே இருந்தான், இரத்த ஈயம் பார்க்க வேண்டும்" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். 'உலோகப் பரிசோதனை' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மூவருடைய எண்ணும் வந்ததும் எனக்கு எழுதுங்கள். யாருக்காவது டெசிலிட்டருக்கு 45 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.